ஓட்டப்படம் படிக்கும் முறை

சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் படித்தறிய வேண்டியது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும். பணத்திற்குக் கணக்கு இருப்பதைப் போலவே, ஓர் ஆலையிலும் சாயப்பட்டறையிலும் நீர்த்திட்டத்திலும் ஓடுகின்ற நீருக்கும் சாற்றுக்கும் நீராவிக்கும் கணக்கு உண்டு. அக்கணக்கைப் பொறியியலார் படமாக வரைகின்றனர். அதற்குச் ‘செய்முறை ஓட்டப்படம்’ என்று பெயர். சுருக்கமாக ஓட்டப்படம் என்றே இங்குக் கூறுவோம்.

இது பொறியியலார்க்கு உரிய பொருள், உழவர்க்கும் நெசவாளர்க்கும் இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். கரும்பு பயிரிடும் அங்கத்தினர் பெறும் விலை, ஆலையின் ஓட்டப்படத்திலுள்ள ஒரு கோட்டின் அளவைப் பொறுத்தது. நெசவாளரின் ஊர்க்கிணறு நன்னீராக இருப்பதும் உப்புநீராக மாறுவதும், பட்டறையின் படத்தில் மற்றொரு கோடு எங்கே சென்று முடிகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே திருவந்திபுரம், கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் நாம் அன்றாடம் காணும் பொருள்களையே எடுத்துக்கொண்டு, இப்படத்தைப் படிக்கும் முறையை ஒரு பாடமாக ஈண்டு விளக்குவோம்.

1. படத்தின் உறுப்புகள்

வெல்லம் காய்ச்சும் கொட்டகையை அறியாத கரும்பு விவசாயி இல்லை. அங்கு நடைபெறுவதைப் பின்வருமாறு எழுதலாம்:

கரும்பு → ஆலை → சாறு → கொப்பரை → பாகு → அச்சு → வெல்லம்

இதுவே ஓட்டப்படத்தின் முதல் வடிவம். ஆலை, கொப்பரை, அச்சு ஆகியவை தொழில் நடைபெறும் இடங்கள்; அவற்றைக் கட்டங்களாக வரைவர். கரும்பு, சாறு, பாகு ஆகியவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் பொருள்கள். அவற்றை அம்புக்குறியிட்ட கோடுகளாக வரைவர். கட்டம் என்பது தொழில், கோடு என்பது பொருள். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆயினும் மேலே காட்டிய படம் குறையுடையது. ஆலையிலிருந்து சாறு மட்டுமா வெளிவருகிறது? சக்கையும் வருகிறது. கொப்பரையிலிருந்து பாகு மட்டுமா வருகிறது? நீராவி மேலே போகிறது, அழுக்கு நுரை அகப்பையால் எடுத்தெறியப்படுகிறது. இவற்றையும் பக்கக் கோடுகளாக வரைந்தால்தான் படம் நிறைவுறும். நாம் விரும்பும் பொருளுக்கு மட்டும் கோடு வரைந்து, வேண்டாத பொருளை மறந்துவிடுவது புதிதாகப் படிப்போர் செய்யும் பெரும்பிழை. இழப்பும் மாசும் எப்போதும் பக்கக் கோடுகளிலேயே இருக்கின்றன.

படங்கள் மூவகைப்படும். முதலாவது கட்டப்படம், அது தொழிலின் வரிசையை மட்டும் காட்டும். இரண்டாவது நாம் பேசும் ஓட்டப்படம். இதில் பெரிய கலங்கள், ஏற்றுப் பொறிகள், வெப்பமூட்டிகள் ஆகியவை தத்தம் குறியீடுகளுடன் இடம்பெறும். ஒவ்வொரு கோட்டிற்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு உரிய அளவு, வெப்பம், அழுத்தம் ஆகியவை படத்தின் அடியில் அட்டவணையாகத் தரப்படும். மூன்றாவது குழாய், கருவிப் படம். ஒவ்வொரு குழாயின் விட்டமும், ஒவ்வொரு அடைப்பானும், ஒவ்வொரு அளவுமானியும் அதில் காணப்படும். அது ஆலையைக் கட்டுவோர்க்கும் பழுது பார்ப்போர்க்கும் உரியது. அங்கத்தினர் கேட்டுப் பெற்றுப் படிக்கத்தக்கது இரண்டாவது படமும் அதன் அட்டவணையுமே.

இம்முறை நீண்ட காலமாக வளர்ந்து வந்ததாகும். அயர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் கேப்டன் சாங்கி 1898-இல் ஒரு நீராவி இயந்திரத்தின் வெப்பக் கணக்கைப் பட்டைகளாக வரைந்து வெளியிட்டார். மிகுதியான ஓட்டத்திற்கு அகலமான பட்டை, குறைந்த ஓட்டத்திற்கு மெல்லிய பட்டை என்பது அவர் முறை. வெப்பம் எவ்விடத்தில் வீணாகிறது என்பது அப்படத்தைப் பார்த்த அளவிலேயே விளங்கிற்று. 1921-இல் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்னும் அமெரிக்கத் தம்பதியர், எவ்வகைத் தொழிலின் படிகளையும் குறியீடுகளால் வரைந்து ஆராயும் முறையைப் பொறியியலாளர் மன்றத்தின் முன் வைத்தனர். இன்று இக்குறியீடுகளுக்குப் பன்னாட்டுத் தர நிர்ணயங்களும் உள்ளன.

2. ஒரே விதி

ஓட்டப்படத்தைச் சரிபார்க்கும் விதி ஒன்றே. ஒரு கட்டத்திற்குள் எவ்வளவு எடை நுழைகிறதோ, அவ்வளவும் வெளியே வர வேண்டும், அல்லது உள்ளே இருப்பாகத் தங்க வேண்டும். வரவு = செலவு + இருப்பு. நம் சங்கப் பேரேட்டின் விதியும் இதுவே. காசு தானே தோன்றுவதுமில்லை, தானே மறைவதுமில்லை. நீரும் சாறும் அத்தகையனவே.

கணக்கு நேராகாவிடில் மூன்றில் ஒன்று நிகழ்ந்திருக்கும். அளவு தவறாக இருக்கலாம், ஒழுக்கு இருக்கலாம், ஒரு கோடு வரையப்படாமல் விடப்பட்டிருக்கலாம். ஏட்டில் விளங்காத தொகையை அனாமத்தில் வைப்பதுபோல, ஆலைக் கணக்கிலும் ‘கணக்கில் வராத இழப்பு’ என்றொரு வரி உண்டு. அனாமத்து ஆண்டுதோறும் வளருமானால் தணிக்கையாளர் சும்மா இருப்பாரோ? இவ்வரியையும் அங்ஙனமே கண்காணித்தல் வேண்டும்.

திரும்பி வரும் ஓட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சில பொருள்கள் பின்கட்டத்திலிருந்து முன்கட்டத்திற்கே திருப்பி அனுப்பப்படும். திருப்பிச் செலுத்திய கடனை மீண்டும் கடனாகக் கொடுத்தால் சங்கத்தின் மூலதனம் இருமடங்காகிவிடாது. அதுபோலத் திரும்பும் ஓட்டத்தைப் புது வரவாக எண்ணலாகாது.

3. முதற் பயிற்சி: வீராணம் நீர்

நம் மாவட்டத்தில் அமைந்த மிகப் பெரிய நீரோட்டப் படங்களுள் ஒன்று, 2004-இல் செயற்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டம். அதன் கட்டப்படம் இது:

கீழணை → வடவாறு → வீராணம் ஏரி → சேத்தியாத்தோப்பு ஏற்று நிலையம் → வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம் → கடம்புலியூர் தொட்டி → போரூர் பகிர்வு நிலையம்

சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டரும், அங்கிருந்து கடம்புலியூர் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டரும் நீர் பொறிகளால் ஏற்றப்படுகிறது. கடம்புலியூரிலிருந்து சென்னையை அடுத்த போரூர் வரையுள்ள சுமார் 200 கிலோமீட்டரும் நீர் தன் எடையாலேயே ஓடுகிறது. ஓட்டப்படத்தில் ஏற்றுப் பொறி வட்டக் குறியீட்டால் காட்டப்படும். முதல் 28 கிலோமீட்டரில் வட்டங்கள் உண்டு. அடுத்த 200 கிலோமீட்டரில் இல்லை. மின்செலவு எங்கே விழுகிறது என்பதை ஒரு நொடியில் இப்படம் சொல்லிவிடும். கோட்டின் நீளத்தைக் கொண்டு தொலைவை மதிப்பிடலாகாது என்பதையும் இங்கு அறிக. ஓட்டப்படம் ஊர்ப்படமன்று.

இத்திட்டம் நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் நீர் தரும் அளவில் அமைக்கப்பட்டது. நம் உழவர்க்குப் பழகிய கனஅடி அளவில் இதனை மாற்றிக் காண்போம். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். 180 மில்லியனை அதனால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 2,083 லிட்டர். ஒரு கனஅடி 28.3 லிட்டர். ஆகவே வினாடிக்கு ஏறத்தாழ 74 கனஅடி.

இனி ஏரி என்னும் கட்டத்தைப் பார்ப்போம். வரவு: வடவாற்று நீர், சுற்றுப்புறத்து மழைநீர். செலவு: சென்னைக்குச் செல்லும் நீர், ஏறத்தாழ 45,000 ஏக்கர் பாசனத்திற்கான மதகுகள், உபரி நீர், வெயிலில் ஆவியாவது, மண்ணில் ஊறுவது. இருப்பு: ஏரியின் நீர்மட்டம். இவ்வளவு கோடுகளையும் வரைந்த பின்னரே, ‘ஏரியில் நீர் ஏன் குறைந்தது?’ என்னும் வினாவுக்கு விடை கூற இயலும். ஒரு கோட்டை மட்டும் சுட்டிப் பேசுவது வழக்காடுவதாகுமேயன்றிக் கணக்காகாது.

4. இரண்டாம் பயிற்சி: 100 டன் கரும்பு

நெல்லிக்குப்பத்தில் 1840-களிலேயே சர்க்கரைத் தொழில் தொடங்கிற்று. பிற்காலத்தில் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை நிறுவப்பட்டது. எந்த ஆலையாயினும் படத்தின் அமைப்பு பெரிதும் ஒன்றே. கீழ்வரும் எண்கள் பாடத்திற்காக நாம் எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். எவ்வாலையின் கணக்கும் அன்று. ஆயினும் நடைமுறைக்கு ஒத்தவை.

அரவைக் கட்டம்: 100 டன் கரும்பு உள்ளே வருகிறது. சக்கையில் ஒட்டியிருக்கும் இனிப்பைக் கழுவி எடுக்க 30 டன் வெந்நீர் தெளிக்கப்படுகிறது. வரவு 130 டன். வெளியே செல்வது சக்கை 30 டன், கலப்புச் சாறு 100 டன். செலவும் 130 டன். கணக்கு நேராயிற்று.

தெளிவிக்கும் கட்டம்: சாறு சூடாக்கப்பட்டு, சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் சேர்க்கப்படுகிறது. அழுக்கு கீழே படிகிறது. படிந்த சேற்றைக் கழுவி வடிகட்டினால், நம் வயலுக்கு எருவாக வரும் ‘பிரஸ்மட்’ சுமார் 4 டன் கிடைக்கிறது. கழுவும் நீரும் சாற்றோடு சேர்வதால், தெளிந்த சாறு மீண்டும் ஏறக்குறைய 100 டன்னாகவே நிற்கிறது.

ஆவியாக்கும் கட்டம்: தெளிந்த சாற்றின் 100 டன்னில் கரைந்துள்ள பொருள் 14 டன், நீர் 86 டன். இதனை 60 சதவிகிதக் கட்டியுடைய பாகாக்கினால் பாகின் எடை ஏறத்தாழ 23 டன். ஆகவே 77 டன் நீர் ஆவியாக வேண்டும். திறந்த கொப்பரையில் இதனைச் செய்தால் எரிபொருள் தாங்காது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த நார்பர்ட் ரில்லியூ என்பார் 1843-இல் காப்புரிமை பெற்ற முறை இதற்கு வழி காட்டிற்று. முதற்கலத்தில் எழும் ஆவியே இரண்டாம் கலத்தைச் சூடாக்கும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதைச் சூடாக்கும். பின்கலங்களில் அழுத்தம் குறைக்கப்படுவதால் குறைந்த சூட்டிலேயே சாறு கொதிக்கும். நான்கு கலங்கள் தொடர்ந்து நின்றால், ஒரு டன் நீராவி ஏறத்தாழ நான்கு டன் நீரை ஆவியாக்கும். ஓட்டப்படத்தில் ஒரு கலத்தின் உச்சியிலிருந்து அடுத்த கலத்தின் வயிற்றுக்குச் செல்லும் கோடுகளே இச்சிக்கனத்தைக் காட்டுவன.

காய்ச்சிப் பிரிக்கும் கட்டம்: பாகு வெற்றிடக் கலங்களில் காய்ச்சப்பட்டு மணியாகிறது. சுழல் இயந்திரங்கள் சர்க்கரையையும் கழிவுப்பாகையும் பிரிக்கின்றன. நடுவில் கிடைக்கும் பாகுகள் மீண்டும் காய்ச்சத் திருப்பி அனுப்பப்படுகின்றன. முன்னர்க் கூறிய திரும்பும் ஓட்டம் இதுவே. கடைசியில் வெளியேறும் கழிவுப்பாகு சுமார் 4.5 டன்.

இனி எடைக் கணக்கை விட்டு இனிப்புக் கணக்கை மட்டும் எழுதுவோம். கரும்பில் இருந்த சர்க்கரை 12 டன். அது சென்ற வழிகள் வருமாறு:

சக்கையோடு போனது — 0.6 டன்
பிரஸ்மட்டோடு போனது — 0.1 டன்
கழிவுப்பாகோடு போனது — 1.5 டன்
கணக்கில் வராத இழப்பு — 0.2 டன்
மூட்டையில் ஏறிய சர்க்கரை — 9.6 டன்
ஆக மொத்தம் — 12.0 டன்

100 டன் கரும்புக்கு 9.6 டன் சர்க்கரை. ஆகவே இவ்வாலையின் சர்க்கரைக் கட்டுமானம் 9.6 சதவிகிதம்.

5. அந்தக் கோட்டின் விலை

கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை 1966-இல் பிறப்பிக்கப்பட்டது. 2009-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மத்திய அரசு பருவந்தோறும் நியாயமான மற்றும் ஆதாய விலையை அறிவிக்கிறது. 2025-26 பருவத்திற்கு 10.25 சதவிகிதக் கட்டுமானத்திற்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கட்டுமானம் 0.1 கூடினால் ரூ. 3.46 கூடும்; 0.1 குறைந்தால் அதே தொகை குறையும். 9.5 சதவிகிதத்திற்குக் கீழே சென்ற ஆலையிலும் விவசாயிக்கு ரூ. 329.05-க்குக் குறையாமல் தரவேண்டும் என்பது காப்பு. மாநில அரசின் ஊக்கத்தொகை இருப்பின் அது தனி.

மேற்கண்ட மாதிரி ஆலையில் 9.6 சதவிகிதத்திற்கு உரிய விலை ரூ. 332.51. சக்கையோடு போகும் இனிப்பை 0.6-லிருந்து 0.5 ஆகவும், கணக்கில் வராத இழப்பை 0.2-லிருந்து 0.1 ஆகவும் குறைத்துவிட்டதாகக் கொள்வோம். மற்றவை மாறாதிருப்பின் கட்டுமானம் 9.8 ஆகும், விலை ரூ. 339.43 ஆகும். குவிண்டாலுக்கு ரூ. 6.92 என்றால் டன்னுக்கு ரூ. 69.20. ஏக்கருக்கு 40 டன் வெட்டும் விவசாயிக்கு ஏக்கரொன்றுக்கு ரூ. 2,768. அவர் வயலில் ஒரு மூட்டை உரமும் கூடுதலாக இடவில்லை; ஒரு நாள் கூலியும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஆலைக்குள் இரண்டு பக்கக் கோடுகள் மெலிந்தன, அவ்வளவே.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையுடன் கூறவேண்டும். வெட்டிய கரும்பு வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்தால், அதிலுள்ள இனிப்பு ஆலைக்கு வருமுன்னரே சிதைகிறது. சோகையும் மண்ணும் கலந்து வந்தால் அவை சக்கையையும் சேற்றையும் பெருக்கி இனிப்பை உடன்கொண்டு போகின்றன. ஓட்டப்படத்தின் முதற்கோடு நம் வயலிலிருந்தே தொடங்குகிறது. ஆலையைக் கேள்வி கேட்பவர், வெட்டும் நாளும் ஏற்றும் நாளும் ஒன்றாக இருக்குமாறு தம் பங்கையும் செய்தல் வேண்டும். வெட்டு உத்தரவு தாமதமாயின் அதனைக் கேட்கும் உரிமையும் அப்போதுதான் வலுப்பெறும்.

6. மூன்றாம் பயிற்சி: 10 கிலோ நூல்

குறிஞ்சிப்பாடி போன்ற நெசவூர்களில் உள்ள அங்கத்தினர்கட்கு இப்பகுதி. 10 கிலோ பருத்தி நூலுக்குச் சாயமிடுவதாகக் கொள்வோம். தொட்டிக்கு 200 லிட்டர் நீர். வேகவைத்து வெளுத்தல், அலசல், சாயம், அலசல், சோப்புக் கொதி, அலசல் என ஆறு நீர். ஆக 1,200 லிட்டர். பிழிந்த நூலில் தங்கி வெயிலில் உலர்வது ஏறத்தாழ 10 லிட்டர்தான். எஞ்சிய 1,190 லிட்டரும் எங்கோ போயாக வேண்டும்.

இனி உப்பைப் பார்ப்போம். நூலோடு வினைபுரிந்து ஒட்டும் சாயவகையில், அழுத்தமான நிறத்திற்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு இடுவதாகக் கொண்டால், 200 லிட்டருக்கு 12 கிலோ. நூலின் எடையைவிட உப்பின் எடை மிகுதி! சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதே உப்பின் வேலை. அது நூலில் தங்குவதில்லை. வரவு 12 கிலோ என்றால் செலவும் 12 கிலோ. அலசும் நீரில் நிறம் போய்விட்டதைக் கண்டு நீர் தூய்மையாயிற்று என்று எண்ணுவது தவறு. நிறத்தைக் கண் காணும், உப்பைக் காணாது. தொட்டியில் வெயிலால் நீர் வற்றினாலும் உப்பு வற்றாது.

இக்கணக்கு நேராகாமற் போனதன் பயனைத் திருப்பூரில் கண்டோம். சாயக்கழிவு நொய்யலாற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. உழவர்கள் தொடர்ந்து வழக்காடினர். விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அங்குக் கட்டாயமாயிற்று. ஓட்டப்படத்தில் கூறுவதாயின், ஆற்றை நோக்கிச் சென்ற கோட்டை வளைத்துத் தொட்டிக்கே திருப்பினர்.

சிறு பட்டறையிலும் ஒரு கோட்டை எளிதாகத் திருப்பலாம். கடைசி அலசல் நீர் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். அதே நிறத்தில் அடுத்து வரும் நூலின் முதல் அலசலுக்கு அதனைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு முறையும் 200 லிட்டர் நன்னீர் மிஞ்சும். இதனால் கழிவுநீர் குறையும், உப்பு குறையாது. இவ்விரண்டையும் தனித்தனிக் கணக்காகப் பார்க்கப் பழகுதல் நன்று.

7. பேரவையில் கேட்கத்தக்கன

அங்கத்தினர் ஒருவர் தம் ஆலையின் அல்லது பட்டறையின் ஓட்டப்படத்தைப் பார்க்க நேர்ந்தால், பின்வரும் ஐந்தையும் வரிசையாகக் கேட்பாராக.

(அ) எல்லாக் கோடுகளும் வரையப்பட்டுள்ளனவா? ஆவி, அழுக்கு, கழுவுநீர் ஆகியவற்றின் முடிவிடம் எது?

(ஆ) ஒவ்வொரு கட்டத்திலும் வரவும் செலவும் நேராகின்றனவா?

(இ) எண்கள் அளந்து எழுதியவையா, மதிப்பிட்டு எழுதியவையா? அளந்தவையாயின் தராசும் அளவுமானியும் எப்போது சோதிக்கப்பட்டன?

(ஈ) கணக்கில் வராத இழப்பு சென்ற பருவத்தில் எவ்வளவு, இப்பருவத்தில் எவ்வளவு?

(உ) வெளியே போகும் கோடுகளுள் உள்ளே திருப்பத்தக்கது எது? அதற்கு ஆகும் செலவு எவ்வளவு, மிஞ்சும் பயன் எவ்வளவு?

இவை குற்றம் சாட்டும் வினாக்கள் அல்ல. விடை தெரிந்த நிர்வாகம் இவற்றை வரவேற்கும். விடை தெரியாத நிர்வாகம் இவற்றால் விழிப்படையும்.

படிப்பு வட்டத்திற்கான பயிற்சிகள்

1. உங்கள் வீட்டில் நெல் வேகவைப்பதற்கோ, நூலுக்குப் பாவு கஞ்சி போடுவதற்கோ ஒரு கட்டப்படம் வரைக. பக்கக் கோடு ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

2. வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர், அதாவது ஏறத்தாழ 6.36 மில்லியன் கனஅடி எடுத்தால் ஏரி எத்தனை நாள் தாங்கும்? வகுத்தால் 230 நாள் என்று வரும். இவ்விடை நடைமுறைக்கு ஏன் பொருந்தாது? விடப்பட்ட கோடுகளை எழுதுக.

3. மாதிரி ஆலையில் கழிவுப்பாகோடு போகும் இனிப்பு 1.5-லிருந்து 1.4 டன்னாகக் குறைந்தால், 30 டன் கரும்பு தந்த விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு? (விடை: ரூ. 1,038.)

இப்பயிற்சிகளை வாசகசாலையிலோ சங்கக் கட்டடத்திலோ ஐந்தாறு பேர் கூடி, சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் கொண்டு செய்வது நலம். எழுதப் படிக்க அறியாத அங்கத்தினரும் கட்டத்தையும் கோட்டையும் எளிதில் உணர்ந்துகொள்வர். கரும்பைச் சுமந்தவரும் சாயத்தொட்டியில் கையிட்டவரும் தாம் அறிந்த தொழிலையே அப்பலகையில் காண்பர். அங்ஙனம் கண்டவர்கள் கேட்கும் கேள்விக்குப் பேரவையில் தனி மதிப்பு உண்டு.